கோர் வீக் என்கிற தீர்ப்பு: எடை வைத்த பிளாங்கும் மலை ஏறிய முதுகும்

"உங்களுக்கு கோர் வீக்கா இருக்கு."

இடுப்பு வலி என்று யாரிடம் போய்ச் சொன்னாலும் இப்போதெல்லாம் இந்தத் தீர்ப்பு தயாராக இருக்கிறது. ஜிம் கோச் சொல்கிறார், ரீல்ஸில் சிக்ஸ் பேக் தம்பி சொல்கிறார், பக்கத்து வீட்டு ஐ.டி. அண்ணன் சொல்கிறார். தீர்ப்போடு தண்டனையும் உண்டு: பிளாங்க். முழங்கைகளையும் கால்விரல்களையும் ஊன்றி, உடம்பைப் பலகை மாதிரி நேராக நிறுத்தி வைப்பது. ஒரு நிமிஷம் நிற்க முடிந்தால் இரண்டு நிமிஷம். அதுவும் சுலபமாகிவிட்டால் முதுகில் 10 கிலோ தட்டு, அப்புறம் 20 கிலோ. இதற்கு வெயிட்டட் பிளாங்க் என்று பெயர். வீட்டில் தட்டு இல்லாதவர்கள் ஸ்கூல் பேக்கில் அரிசியைப் போட்டு முதுகில் மாட்டிக்கொள்கிறார்கள்.

பிளாங்க் மோசமான பயிற்சி என்று சொல்ல இந்தக் கட்டுரை இல்லை. நல்ல பயிற்சிதான். ஆனால் அதன் தலையில் ஏற்றி வைத்திருக்கும் வாக்குறுதி அது சுமக்கக்கூடியதைவிட ரொம்பப் பெரிது. அந்த வாக்குறுதி எங்கிருந்து வந்தது, அதில் எவ்வளவு தேறும் என்று கொஞ்சம் தோண்டிப் பார்த்தேன். உரசிப் பார்க்கக் கையில் எடுத்துக்கொண்டது கொடைக்கானல் மலையை. காரணம், சாலை வருவதற்கு முன்னால் இந்த மலைக்கு வந்த ஒவ்வொரு மூட்டையும் ஒரு மனிதரின் உடம்பிலோ ஒரு மிருகத்தின் உடம்பிலோதான் ஏறி வந்தது. மலைக்கு வடக்கே அடிவாரத்தில் பழனி. அங்கே இன்றும் தோளில் காவடியோடு படி ஏறுகிறார்கள். நடுவுடம்பின் உறுதி என்றால் என்ன என்று கேட்க இதைவிடப் பொருத்தமான இடம் எனக்குத் தெரியவில்லை.

மில்லிவினாடியிலிருந்து நிமிஷத்துக்கு

முதலில் இந்தக் கதையின் பூர்வீகம். நம் இடுப்புப் பகுதி முதுகெலும்பைத் தசைகள் இல்லாமல், எலும்பும் அதைக் கட்டியிருக்கும் நார்களும் மட்டுமாக நிறுத்தினால், சுமார் 9 கிலோ பாரத்திலேயே அது வளைந்து சரிந்துவிடும். கிரிஸ்கோவும் மனோகர் பஞ்சாபியும் யேல் பல்கலைக்கழகத்தில் செய்த சோதனைகள் காட்டியது இது. நம் தலையும் தோளும் கையும் சேர்ந்தாலே 9 கிலோவைத் தாண்டிவிடும். அப்படியானால் நம்மை நிற்க வைப்பது சுற்றியுள்ள தசைகளும், அவற்றை இயக்கும் நரம்புகளும்தான். எலும்பும் நாரும், தசை, நரம்புக் கட்டுப்பாடு என்று மூன்று பகுதிகள் சேர்ந்த ஓர் அமைப்பாக பஞ்சாபி 1992ல் இதை விளக்கினார். இதுவரை சிக்கல் இல்லை.

அடுத்தது 1996. ஆஸ்திரேலியாவில் பால் ஹாட்ஜஸும் கரோலின் ரிச்சர்ட்சனும் 15 இடுப்புவலிக்காரர்களையும் வலி இல்லாத 15 பேரையும் நிற்க வைத்துக் கையைச் சட்டென்று தூக்கச் சொன்னார்கள். வலி இல்லாதவர்களிடம், கை அசைவதற்கு முன்பே வயிற்றின் ஆழத்தில் பெல்ட் மாதிரி சுற்றியிருக்கும் தசை வேலையைத் தொடங்கிவிட்டது. வலி உள்ளவர்களிடம் அது தாமதமாக எழுந்தது. தாமதம் என்றால் மில்லிவினாடிக் கணக்கு.

இங்கேதான் கதை தடம் மாறுகிறது. ஆய்வு பேசியது நேரத்தை, அதாவது தசை எப்போது எழுகிறது என்பதை. ஜிம் அதை பலம் என்று மொழிபெயர்த்துக்கொண்டது. 'தாமதமாக எழும் தசை' என்பது 'பலவீனமான தசை' ஆகி, 'பலவீனமான கோர்' ஆகி, கடைசியில் 'பிளாங்க் போடு, தட்டு வை' என்று வந்து நின்றது. தாமதம் வலிக்குக் காரணமா, வலியின் விளைவா என்ற கேள்விக்கு அந்த ஆய்வில் பதில் கிடையாது. வலி வந்தவர்களை வலி வந்த பிறகுதான் அளந்தார்கள்.

பலம் எவ்வளவு தேவை என்பதற்கும் ஓர் அளவு இருக்கிறது. 1997ல் சொலெவிட்ஸ்கி, பஞ்சாபி குழுவினர் அளந்து பார்த்தபோது, நேராக நிற்பதற்கு நடுவுடம்புத் தசைகள் தங்கள் முழு பலத்தில் சுமார் 2 சதவீதத்தைத்தான் பயன்படுத்தின. உடம்பில் 32 கிலோ கூடுதலாக ஏற்றியபோதும் 3 சதவீதத்தை ஒட்டித்தான் வந்தது. நின்று, நடந்து, சட்டி பானை கழுவுகிற அன்றாட வாழ்க்கைக்கு 20 கிலோ தட்டைத் தாங்கும் வயிறு அவசியம் என்று இதிலிருந்து யாரும் முடிவு கட்ட முடியாது.

இந்த ஓட்டைகளைச் சேர்த்துவைத்து லண்டன் ஆஸ்டியோபதி மருத்துவர் ஐயல் லெடர்மன் 2010ல் ஒரு கட்டுரை எழுதினார். கோர் ஸ்டெபிலிட்டி என்பதே ஒரு கட்டுக்கதை என்றது அது. தலைப்பு கொஞ்சம் காரசாரம்தான். ஆனால் ஆறு வருஷம் கழித்து வந்த காக்ரேன் தொகுப்பு ஏறக்குறைய அந்தப் பக்கமே சாய்ந்தது. ஆழத் தசைகளைக் குறிவைக்கும் பயிற்சிகளை நாள்பட்ட இடுப்புவலிக்காரர்களிடம் சோதித்த 29 ஆய்வுகள், 2,431 பேர். முடிவு: அந்தப் பயிற்சி உதவுகிறது, ஆனால் மற்ற உடற்பயிற்சிகளைவிடப் பெரிதாக உதவவில்லை. நடப்பது, நீச்சல், யோகா, எதைப் பிடித்துக்கொண்டாலும் தொடர்ந்து செய்தால் பலன் உண்டு என்றே நான் இதைப் படிக்கிறேன்.

எதிர்க்கட்சிக்கும் நியாயம் செய்ய வேண்டும். கனடாவின் வாட்டர்லூ பல்கலைக்கழகத்தில் முதுகெலும்பைப் பல பத்தாண்டுகள் ஆராய்ந்த ஸ்டூவர்ட் மெக்கில், பிளாங்க் போல அசையாமல் நிறுத்தும் பயிற்சிகளை ஆறு வாரம் செய்தவர்களுக்கு நடுவுடம்பின் விறைப்பு கூடியதை 2015ல் காட்டினார். அசைந்து அசைந்து செய்யும் வயிற்றுப் பயிற்சிகளைவிட இது நன்றாகவே கூட்டியது. ஆக பிளாங்க் ஏதோ ஒன்றைச் செய்கிறது. ஆனால் அதே மெக்கில் தன் பயிற்சிகளில் ஒரு தடவைக்கு சுமார் 10 விநாடிதான் நிறுத்தச் சொல்கிறார். விட்டு விட்டுத் திரும்பச் செய்யச் சொல்கிறார். நிமிஷக் கணக்கும் மணிக் கணக்கும் அவர் சொன்னதல்ல. செக் நாட்டின் யோசெஃப் ஷாலெக் 2023ல் 9 மணி 38 நிமிஷம் பிளாங்கில் நின்று கின்னஸ் சாதனை படைத்தார். பிரமிக்க வேண்டிய மனிதர். அந்தச் சாதனை நமக்குச் சொல்வது, அவரால் பிளாங்கில் 9 மணி 38 நிமிஷம் நிற்க முடியும் என்பதைத்தான்.

தட்டு எங்கே உட்காருகிறது?

எடை வைத்தே ஆக வேண்டும் என்பவர்களிடம் எனக்கு முதலில் ஒரு கேள்வி: எங்கே வைக்கிறீர்கள்?

பிளாங்கில் இருக்கும் உடம்பை இரண்டு முனையில் தாங்கிய பாலம் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒரு முனை முழங்கை, இன்னொரு முனை கால்விரல். இடையில் 140 செ.மீ. என்று கொள்வோம். முழங்கையிலிருந்து சுமார் 60 செ.மீ. தள்ளி இடுப்பு. இப்போது 10 கிலோ தட்டைத் தோள்பட்டைக்கு மேலே, முழங்கையிலிருந்து 10 செ.மீ. தூரத்தில் வைத்தால், அந்த எடையில் முக்கால் கிலோகூடக் கால் பக்கம் போகாது. பாக்கி மொத்தமும் நேரே கைக்குப் போய்விடும். இடுப்பில் அது உண்டாக்கும் வளைக்கும் விசை 57 கிலோ-செ.மீ. அளவுதான். அதே தட்டை நகர்த்தி இடுப்புக்கு நேராக வைத்தால் 343 கிலோ-செ.மீ. அதே 10 கிலோ, அதே ஆள், ஆறு மடங்கு வித்தியாசம்.

அரிசி பேக்கை மாட்டிக்கொள்கிறவர்களுக்கு நடப்பது முதல் கணக்கு. பேக் மெல்ல மெல்லக் கழுத்துப் பக்கம் சரியும். அவர்கள் கோர் என்று நினைத்துக்கொண்டு தோளுக்கும் கைக்கும் பயிற்சி கொடுக்கிறார்கள். இன்னொரு பக்கம், தட்டை இடுப்புக் குழிவிலேயே வைத்துவிட்டு, களைப்பில் வயிறு தொங்கிப்போகும் வரை நிற்கிறவர்கள். அந்தக் கட்டத்தில் பாரத்தை வயிற்றுத் தசை தாங்குவதில்லை. பின்பக்க மூட்டுகள் ஒன்றோடொன்று முட்டித் தாங்குகின்றன. கடிகாரம் மட்டும் ஓடிக்கொண்டிருக்கும். வைப்பதென்றால் இடுப்பெலும்புக்கு மேல், பிட்டத்தை ஒட்டி வைக்க வேண்டும். அதுவும் இன்னொருவர் வைத்து, இன்னொருவர் எடுக்க வேண்டும்.

தட்டே இல்லாமலும் இதைக் கடினமாக்கலாம். முழங்கைகளைத் தோளுக்கு நேர்கீழே ஊன்றாமல் முகத்துக்கு முன்னால் தள்ளி ஊன்றி, பிட்டத்தை இறுக்கி இடுப்பை உள்ளே சுருட்டிப் பாருங்க. பிராட் ஷூன்ஃபெல்ட் குழுவினர் 2014ல் தசைகளின் மின் அலைகளை அளந்தபோது, சாதாரண பிளாங்கைவிட இதில் வயிற்றுத் தசைகள் தெளிவாகவே அதிகம் வேலை செய்தன. செலவு பூஜ்யம். இரண்டு நிமிஷம் பிளாங்க் போடுகிற பலர் இதில் 20 விநாடியில் நடுங்குவார்கள்.

மேலே காற்று குறைவு

இப்போது மலைக்கு வருகிறேன். கொடைக்கானல் சுமார் 2,100 மீட்டர் உயரம். இங்கே காற்றழுத்தம் கடல் மட்டத்தைவிட ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் குறைவு. மதுரையிலிருந்து வந்து முதல் நாளே ஒரு மேட்டில் ஏறியவர்களுக்கு இது புரியும்.

இதற்கும் கோருக்கும் என்ன சம்பந்தம்? நெஞ்சையும் வயிற்றையும் பிரிக்கும் உதரவிதானம் இரண்டு வேலை பார்க்கிறது. ஒன்று மூச்சு. இன்னொன்று, கீழே அழுத்தி வயிற்றுக்குள் அழுத்தத்தை உண்டாக்கி முதுகெலும்பைத் தாங்குவது. 2001ல் ஹாட்ஜஸ் குழுவினர் மூச்சுத் தேவை கூடும்படி செய்து பார்த்தார்கள். மூச்சு முட்ட ஆரம்பித்ததும், உதரவிதானம் தாங்கும் வேலையைக் குறைத்துக்கொண்டது. உடம்பைப் பொறுத்தவரை மூச்சுதான் முதலில், முதுகு அப்புறம்.

பாரத்தோடு மலை ஏறுகிறவருக்கு உண்மையான சோதனை இதுதான். இரைக்க இரைக்க மூச்சு வாங்கிக்கொண்டே, அதே நேரத்தில் நடுவுடம்பைக் கட்டி நிறுத்த வேண்டும். தட்டு வைத்த பிளாங்கில் பெரும்பாலோர் செய்வது நேர் எதிர்: மூச்சைப் பிடித்துக்கொண்டு, முகம் சிவக்க, கடிகாரத்தைப் பார்ப்பது. மூச்சை அடக்கி உறுதியாக நிற்கப் பழகிய உடம்பு, மூச்சு தேவைப்படும் இடத்தில் அதை மறந்துபோகத்தான் வாய்ப்பு அதிகம்.

இடும்பன் தோளும் டோலித் தோளும்

பழனித் தலபுராணத்தில், அகத்தியருக்காகச் சிவகிரி, சக்திகிரி என்ற இரண்டு மலைகளை ஒரே தண்டின் இரு முனையிலும் கட்டித் தோளில் தூக்கி வருகிறான் இடும்பன். காவடியின் தொடக்கம் அது என்பது நம்பிக்கை. புராணத்தைப் புராணமாகவே வைத்துக்கொள்வோம். ஆனால் அந்தத் தண்டுக்குப் பின்னால் இருக்கிற பொறியியல் நிஜம். மெக்கில் குழுவினர் 2013ல் நடையையும் சுமையையும் அளந்தபோது, ஒரே கையில் 30 கிலோ தூக்கி நடப்பது, இரண்டு கையிலும் முப்பது முப்பதாக 60 கிலோ தூக்கி நடப்பதைவிட இடுப்பை அதிகமாக அமுக்கியது. மொத்த எடை பாதிதான். ஆனாலும் அமுக்கம் அதிகம். ஒரு பக்கச் சுமை உடம்பைச் சாய்க்கும். சாயாமல் இருக்க எதிர்ப்பக்கத் தசைகள் இழுத்துப் பிடிக்கும். அந்த இழுப்பும் சேர்ந்து முதுகெலும்பை நசுக்கும். இரு முனையிலும் சமமாகக் கட்டிய தண்டு இந்தக் கூடுதல் செலவை மிச்சம் பிடிக்கிறது.

பழனியில் 693 படிகள், ஏறக்குறைய 150 மீட்டர் ஏற்றம். செட்டிநாட்டிலிருந்து தைப்பூசத்துக்கு நடந்தே வரும் நகரத்தார் காவடி, படிக்கு வருவதற்குள் நாள் கணக்கில் சாலையில் வந்திருக்கும். ஆடுகிறவர்களைப் பாருங்கள். காவடி தோளில், சில சமயம் கையைக்கூட விட்டுவிட்டு, உடம்பு சுழல்கிறது, கால் தாளம் போடுகிறது, மூச்சு வாங்குகிறது, தண்டு மட்டும் விழுவதில்லை. ஒவ்வொரு அடியிலும் எந்தத் தசை எப்போது எழ வேண்டும் என்று உடம்பு கணக்குப் போட்டுக்கொண்டே இருக்கிறது. 1996 ஆய்வு அளந்த அந்த நேர விஷயம் இங்கே இருக்கிறது. அசையாத பலகையில் அதற்கு வேலை ரொம்பக் குறைவு.

கொடைக்கானல் பக்கம் காட்சி வேறு. 1845ல் அமெரிக்க மிஷனரிகள் இங்கே முதல் பங்களாக்களைக் கட்டினார்கள். 1875ல் அம்மையநாயக்கனூர் வரை ரயில் வந்தது. இன்று கொடை ரோடு என்கிறோமே, அதே ஸ்டேஷன். அங்கிருந்து மாட்டு வண்டியில் பெரியகுளம் பக்கம் கிருஷ்ணம நாயக்கன் தோப்பு. அதற்கு மேல் குதிரை, இல்லை என்றால் நாற்காலியும் டோலியும். சுமார் 1,800 மீட்டர் ஏற்றம், மனிதத் தோளில். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் காட் ரோடு மோட்டாருக்குத் திறக்கும்வரை இதுதான் வழி. அந்தப் பாதைக்கே கூலி காட் என்றுதான் பெயர். பங்களா கட்டியவர்களின் பெயர் புத்தகங்களில் இருக்கிறது. நாற்காலியைச் சுமந்தவர்களுக்குப் பாதையின் பெயரில் ஒரு 'கூலி' மட்டும் மிச்சம்.

பெருமைப் பதிவுகளுக்கும் ஒரு வார்த்தை

இந்த இடத்தில் வாட்ஸ்அப் பெருமைக்குத் தாவிவிடுவது ரொம்ப சுலபம். இளவட்டக்கல் தூக்கினோம், காவடி எடுத்தோம், மூட்டை சுமந்தோம், நம்ம முன்னோருக்கு எதுக்கு பிளாங்க் என்று. இதிலும் எனக்கு உடன்பாடில்லை.

பக்தரின் காவடி அவரே விரும்பி எடுத்தது. எடையை அவர் முடிவு செய்கிறார், நடுவில் உட்காரலாம், வருஷத்தில் ஒரு தடவை. டோலிக்காரருக்கு எடையை முடிவு செய்தது நாற்காலியில் உட்கார்ந்தவர். பயிற்சிக்கும் உழைப்புக்கும் நடுவில் இருக்கிற கோடு இதுதான்: அளவு உன் கையில் இருக்கிறதா, ஓய்வு உன் கையில் இருக்கிறதா? 2005ல் நேபாளத்தில் நாம்சே சந்தைக்குச் சுமை தூக்கிப்போகிறவர்களை அளந்தார்கள். ஆண்கள் சராசரியாகத் தங்கள் உடல் எடையில் 93 சதவீதம், பெண்கள் 66 சதவீதம் சுமந்தார்கள். அந்த உடம்புகளின் திறமையைப் பார்த்து வியக்கலாம். அந்த வாழ்க்கையை ஃபிட்னஸ் என்று விற்கக் கூடாது.

கொடைக்கானலிலிருந்து கும்பக்கரை இறங்கும் வழியில் இருக்கும் வெள்ளகவி வெகுகாலம் சாலையே இல்லாமல் இருந்த ஊர். காபியும் பழமும் குதிரை முதுகில் போயின. நோயாளியும் கர்ப்பிணியும் டோலியில் போனார்கள். அங்கே டோலி தூக்கியவருக்கு இடுப்பு வலித்தால் கோர் வீக் என்பதா காரணம்? பூம்பாறையில், மன்னவனூரில் படிப்படியான வயல்களில் பூண்டும் கேரட்டும் உருளையும். குனிந்து களை எடுப்பவர்களில் பெரும்பாலோர் பெண்கள். 20 நிமிஷம் முழுசாகக் குனிந்தே இருந்தால் முதுகின் நார்கள் இளகிப் போகின்றன. நிமிர்ந்து 20 நிமிஷம் ஆன பிறகும் அவை முழுசாகப் பழைய நிலைக்குத் திரும்புவதில்லை. இதுவும் மெக்கில் காட்டியதுதான். குனிந்து எழுந்த கையோடு மூட்டையைத் தூக்கினால் வலி வருவது அந்த வரிசையின் பலன். அமெரிக்காவின் தொழில் பாதுகாப்பு ஆய்வு நிறுவனம் 1991ல் போட்ட சூத்திரப்படி, எல்லாம் வசதியாக இருக்கும் நிலையிலேயே ஒருவர் தூக்கத்தக்க எடை 23 கிலோ. நம் ஊர் சிமென்ட் மூட்டை 50 கிலோ.

அதனால்தான் 'கோர் வீக்' என்ற சொல் எனக்கு உறுத்துகிறது. அது மூட்டையின் எடையைக் கேட்பதில்லை. எத்தனை மணி நேரம் குனிந்தீர்கள் என்று கேட்பதில்லை. எட்டு மணி நேரம் நாற்காலியில் உட்கார வைத்த ஆபீஸையும் கேட்பதில்லை. குற்றத்தை வயிற்றின் மேல் எழுதிவிட்டு, மருந்தை விற்கப் போய்விடுகிறது. கூடவே ஒரு பயத்தையும் விட்டுவிட்டுப் போகிறது: என் முதுகு உடையக்கூடியது, குனிந்தால் போச்சு. வலிக்காரர் அசையவே பயப்படத் தொடங்கினால், வலி இன்னும் நீள்கிறது.

அப்போ என்ன செய்யலாம்?

எடை வைத்த பிளாங்க் பிடித்திருந்தால் தாராளமாகப் போடுங்க. மூச்சு சீராக ஓட, பக்கத்தில் இருப்பவரிடம் இரண்டு வார்த்தை பேச முடிகிற அளவில் 20, 30 விநாடி மூன்று தடவை நிற்க முடிந்த பிறகு மட்டும். முதலில் முழங்கையை முன்னே தள்ளுங்க, தட்டு அதற்கப்புறம். தட்டு இடுப்பெலும்பு மேல். வயிறு தொங்கினால் அந்த நொடியே நிறுத்தம். கடிகாரம் ஜெயிக்க வேண்டாம்.

அதோடு நிற்காமல் கொஞ்சம் சுமந்து நடங்க. ஒரு கையில் பாதி நிரப்பிய தண்ணீர்க் குடம் அல்லது கேன், உடம்பு சாயாமல் இருபது அடி; பிறகு அடுத்த கை. மேட்டில் ஏற முடிந்தால் இன்னும் நல்லது, மூச்சும் பயிற்சியில் சேர்ந்துவிடும். பக்கவாட்டு பிளாங்க் ஒன்று, கை-கால் மாற்றி நீட்டும் பயிற்சி ஒன்று. வலி காலுக்கு இறங்கினாலோ, மரத்துப்போனாலோ, சிறுநீர் கட்டுப்பாடு போனாலோ பயிற்சியைத் தேடாதீங்க, உடனே டாக்டரைப் பாருங்க.

பிளாங்க் உங்களை பிளாங்கில் தேர்ந்தவராக்கும். விறைப்பையும் கொஞ்சம் கூட்டும். அந்த அளவுக்கு அதை நம்பலாம். இடுப்பு வலிக்குக் காரணம் தேடும்போது வயிற்றைத் தொட்டுப் பார்ப்பதற்கு முன்னால், அந்த முதுகு தினமும் எதைச் சுமக்கிறது, எவ்வளவு நேரம் சுமக்கிறது, எப்போது இறக்கி வைக்க முடிகிறது என்று கேளுங்கள்.